மேற்குக் காற்றில் ஒரு கேம்பர்வேன்: ஸ்காட்லாந்தில் செய்து பார்த்தவை

தங்கிப் பயணிப்பதற்கென்று மாற்றியமைத்த எங்கள் கேம்பர்வேனின் உள்வேலை குளிர்காலத்திலேயே முடிந்திருந்தது. சுவர்களுக்குள் காப்புப் பஞ்சு, மடக்குக் கட்டில், டீசல் ஹீட்டர், விளக்குகளுக்கென்று தனி பேட்டரி, கூரையில் மூடி வைத்த காற்றுத் திறப்பு. நல்ல வெயிலில் இவை எல்லாமே ஒழுங்காகத்தான் இயங்கும். ஒரே பகலில் வெயிலும் ஆலங்கட்டியும் பெருங்காற்றும் வந்து போகும் இடத்தில் எப்படி இருக்கும் என்பதைத்தான் பார்க்க விரும்பினேன். ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்ட்ஸின் வடமேற்குப் பகுதியை விட அதற்குப் பொருத்தமான இடம் தோன்றவில்லை. இன்வர்னெஸ் கோட்டையில் தொடங்கி அங்கேயே முடியும் ‘நார்த் கோஸ்ட் 500’ சுற்றுப்பாதையின் நீளம் 516 மைல், ஏறத்தாழ 830 கி.மீ. மே மாதக் கடைசியில் நானும் கணவரும் கிளம்பினோம்.

எந்த நாளில் எந்த ஊர் என்ற பட்டியலை நாங்கள் போட்டுக்கொள்ளவே இல்லை. தினமும் காலையில் இரண்டை மட்டும் பார்ப்போம்: காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, அடுத்த மழைப்பட்டை எப்போது கரையைத் தொடும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கு மலைகளில் மோதி மேலெழுந்து அங்கேயே கொட்டிவிடுகிறது. மேற்கு ஹைலேண்ட்ஸின் சில பகுதிகளில் ஆண்டு மழை 3,000 மி.மீ.க்கு மேல், கிழக்கே மோரே ஃபெர்த் கரையோரம் 700 மி.மீ. கூட இல்லை. இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு காலைநேர ஓட்டம்தான். ஆகவே தாழ்வழுத்தம் நெருங்கும்போது கிழக்குப் பக்கம் தங்கி, அது கடந்து போனதும் ஏ835 சாலையில் மேற்குக் கரையிலுள்ள அல்லாப்பூல் நோக்கிப் போனோம். இந்த ஒரு பழக்கம் பயணத்தையே மாற்றியது என்று உறுதியாகச் சொல்வேன்.

மழையை ஒதுக்கிக்கொண்டே இருக்கவும் வேண்டியதில்லை. மழையில்தான் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. அதே சாலையோரம் கோரிஷாலொக் பள்ளத்தாக்கில் மீஸக் அருவி 46 மீட்டர் விழுகிறது. தொங்குபாலத்தின் நடுவில் நின்றால் சாரல் கீழிருந்து மேலே வந்து முகத்தில் அடிக்கிறது. டர்னஸ் அருகே ஸ்மூ குகைக்குள் ஓடை கூரையைப் பிளந்துகொண்டு இறங்குவதையும் நல்ல மழைக்கு மறுநாள் பார்த்தோம். பேச்சுச் சத்தம் எடுபடவில்லை. சூல்வன், ஸ்டாக் பாலி போன்ற மலைகளுக்கோ மேகம் விலக வேண்டும். லூயிஸியன் நைஸ் என்ற பழம்பாறை, அதில் சில பகுதிகள் 300 கோடி ஆண்டு பழையவை. அதன்மேல் தனித்தனியாக நிற்கும் செம்மணற்கல் மலைகள். கால்மணி நேரம் வெளுத்தால் போதும், அந்த நிலம் முழுவதும் கண்ணில் விரிகிறது. அந்தக் கால்மணி நேரத்துக்காக ஒரு முற்பகல் முழுவதும் காத்திருந்தோம். மறுபடியும் காத்திருப்பேன்.

ஆப்பிள்கிராஸுக்குப் போகும் பெலக் நா பா கணவாய், கடல்மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏறுகிறது. சில இடங்களில் சரிவு 20 சதவீதம். பெரிய வண்டிகளும் கேரவன்களும் வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் வேன் குட்டையானதுதான். ஆனாலும் காற்று ஓயும்வரை ஏறவில்லை. உயர்ந்த பக்கச்சுவர் உள்ள எந்த வண்டியையும் கொண்டையூசி வளைவில் பக்கக்காற்று உலுக்கிவிடும். பொறுக்க முடியாதவர்களுக்கு ஷீல்டெய்க்கிலிருந்து கடலோரச் சாலை இருக்கிறது. நீளம் அதிகம், காட்சியில் குறைவில்லை. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாம் கியரில் இஞ்சினையே பிடிமானமாக வைத்துக்கொண்டேன். அடிவாரத்தில் இறங்கிப் பார்த்தபோது சக்கரங்களில் சூட்டு வாடையே இல்லை.

இப்போது வண்டி நிறுத்தும் விஷயம். இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை. மாலையில் வீசும் காற்றைப் பார்த்து நிறுத்தினால் நள்ளிரவில் வேன் ஆடத் தொடங்கும். ஏனென்றால் குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, கடந்ததும் தென்மேற்குக் காற்று வடமேற்காகத் திரும்புகிறது. முன்னறிவிப்பில் அந்தத் திருப்பம் எத்தனை மணிக்கு என்று பார்த்து, வரப்போகும் காற்றுக்கு வண்டியின் முகத்தைக் காட்டி நிறுத்தினோம். அதிலும் காற்று முன்பக்கத்தின் வலப்புறமாகச் சற்றே சாய்ந்து படும்படி வைத்தால், இடப்புறச் சறுக்குக் கதவு மறைவில் கிடைக்கிறது. கதவைத் திறந்தாலும் மழை உள்ளே வராது. ஹீட்டரின் புகைக்குழாய் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். திறந்த ஜன்னலுக்கு அடியில் புகை சுழலக் கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு இரவு கூடத் தூங்காதீர்கள்.

டர்னஸின் பாறை முனையில், கேம்பர்வேன்கள் இரவு தங்கும் முகாமில் இது முழுமையாகச் சோதிக்கப்பட்டது. விடியுமுன் காற்று திரும்பிய சத்தம் கேட்டு விழித்தேன். வேன் அசையவில்லை. கணவர் விழிக்கவே இல்லை.

ஈரம்தான் கடினமான எதிரி. காப்புப் பஞ்சு வைத்த சுவர்களில் பிரச்சினை இல்லை. கண்ணாடியிலும் கதவுச் சட்டத்தின் வெற்று உலோகத்திலும் விடியற்காலையில் நீர் கோத்துக்கொள்கிறது. கூரைத் திறப்பைச் சில இரவுகள் மூடியும், சில இரவுகள் விரலளவு திறந்தும் பார்த்தோம். திறந்த இரவுகளில் கண்ணாடியை ஒருமுறை துடைத்தால் போதுமாக இருந்தது. மூடிய இரவுகளில் மெத்தையின் ஓரம்கூட ஈரமானது. வெப்பம் போய்விடுமே என்று தோன்றும். ஆனால் ஈரக்காற்றை வெளியேற்றிவிட்டு, டீசல் ஹீட்டரைக் குறைந்த அளவில் ஓட விடுவது உடம்புக்கும் இதமாக இருந்தது. ஹீட்டர் எரிக்கும் காற்று தனிக் குழாய் வழியே வெளியேயிருந்து வந்து வெளியே போகிறது; உள்ளே வருவது உலர்ந்த சூடு மட்டும். கேஸ் அடுப்பு அப்படியல்ல. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது, எல்லாம் வேனுக்குள்ளேயே. அதனால் குளிருக்காக அடுப்பைப் பற்றவைப்பதில்லை என்று முடிவு செய்தோம். சமைக்கும்போது பாத்திரத்துக்கு மூடி, மேலே திறப்பு முழுக்கத் திறந்து.

சிலிண்டரிலும் புரொப்பேன்தான் எடுத்திருந்தோம். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அருகிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும்.

காற்று நின்றால் வேறொரு தொல்லை: மிட்ஜ். கொசுவை விடப் பல மடங்கு சிறிய கடிப்பூச்சி, கூட்டமாக வரும். காற்று மணிக்கு 7 மைலுக்கு மேல் வீசினால் அவற்றால் பறக்க முடிவதில்லை. ஆகவே இதமான மாலைகளில் மரங்களுக்குள் ஒதுங்காமல் காற்றாடும் கடற்கரை முனைகளைத் தேடினோம்.

ஒற்றைத்தடச் சாலைகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பாஸிங் பிளேஸ் என்பது எதிரே வருபவருக்கும் பின்னால் வருபவருக்கும் வழிவிடுவதற்காகச் சாலையை ஓரத்தில் அகலப்படுத்தி வைத்த இடம். படம் எடுக்கவும் தேநீர் போடவும் அங்கே நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பின்னால் வருவது மருத்துவச் செவிலியராக இருக்கலாம், ஆடுகளை ஏற்றி வரும் விவசாயியாக இருக்கலாம். இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே சாலையிலேயே நில்லுங்கள். இரவு தங்குவதிலும் குழப்பம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் நடமாடும் உரிமை நடப்பவர்களுக்கும் கூடாரம் போடுபவர்களுக்கும் உண்டு. மோட்டார் வண்டிகளுக்கு இல்லை. நாங்கள் முகாம்களிலேயே தங்கினோம். கழிப்பறைப் பெட்டியைக் காலிசெய்யவும் கழிவுநீரை வெளியேற்றவும் அங்கேதான் முறையான வசதி இருக்கிறது.

செப்டம்பர் இறுதியில் மீண்டும் போகிறோம். அதற்குள் கதவுச் சட்டத்தின் வெற்று உலோகத்தை ஒட்டும் நுரைப்பட்டையால் மூட வேண்டும், சறுக்குக் கதவுக்கு மிட்ஜ் நுழையாத நெருக்கமான வலை தைக்க வேண்டும். அப்போது இரவுகள் நீளமாக இருக்கும். ஹீட்டர் ஓர் இரவுக்கு எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று அளந்து எழுதுகிறேன்.