அப்பாவின் செம்புத் தண்ணீர்

அப்பாவுக்கு கிளாக்கோமா என்று தெரிந்து நாலு வருடம் ஆகிறது. படிக்கிற கண்ணாடியை மாற்றப் போன இடத்தில் கண்டுபிடித்தார்கள். வலி இல்லை, சிவப்பு இல்லை. இடது கண்ணின் ஓரப் பார்வை மட்டும் சத்தமில்லாமல் போயிருந்தது.

விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் கேரட்டோடு வந்தார்கள். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், சரி. இது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு நசிந்துபோகிற நோய். செத்த நரம்பைக் கேரட் ஜூஸ் எழுப்பாது. கீரைக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கீரை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு இது வரும் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தது. அதுவும் வருவதற்கு முந்தைய கணக்குதான்.

எங்களுக்குப் புதிதாக இருந்தது தண்ணீர் விஷயம். அப்பா விடிந்ததும் பெரிய செம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்வார். அப்படிக் குடித்தால் கண் அழுத்தம் கொஞ்ச நேரத்துக்கு ஏறிவிடுமாம். இப்போது டம்ளர் டம்ளராக, இடைவெளி விட்டு. காபி ஒரு வேளைதான். சிரசாசனம் கூடவே கூடாது (நல்லவேளை, அப்பாவுக்கு அந்த ஆசை இல்லை).

அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். போன வாரம் போனேன். அழுத்தம் 17, நரம்பும் நன்றாக இருக்கிறது.

ராத்திரி ஒன்பது மணிக்குச் சொட்டு மருந்து. விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்தியபடி இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் அம்மாவிடம் கேட்பார், "நாளைக்கு என்ன சமையல்?"

"முருங்கைக்கீரை."

"நேத்தும் அதானே?"