பாதியில் சாகும் டூயல் லேயர் டிஸ்க்

இரண்டு அடுக்கில் எழுதும் டூயல் லேயர் டிவிடி டிஸ்க் பர்ன் ஆகாமல், அதாவது எழுதி முடியாமல் நின்றுவிட்டால், எரர் செய்தியைப் படிக்கும் முன் எத்தனை சதவீதத்தில் நின்றது என்று பாருங்கள். இதை யாராவது எனக்கு ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் ஒரு டப்பா டிஸ்க் மிஞ்சியிருக்கும். ஆர் வகை டிஸ்க்கில் அழித்துவிட்டு மறுபடி எழுத வழியில்லை. ஊத்திக்கொண்டால் குப்பைதான்.

பழைய கேம்கார்டர் டேப்புகளில் இருந்த வீட்டு வீடியோக்களை மெனு, சாப்டர் எல்லாம் வைத்து ஒரே டிவிடியாக்குவதுதான் வேலை. மொத்த அளவு 4.7 ஜிபியைத் தாண்டிவிட்டது. பென் ட்ரைவில் போட்டுக் கொடுக்கலாமே என்பீர்கள். கேட்டவர் பெரியப்பா. அவர் வீட்டு ப்ளேயரில் யுஎஸ்பி கிடையாது, புது ப்ளேயர் வாங்கும் எண்ணமும் அவருக்குக் கிடையாது. இரண்டு டிஸ்க்காகப் பிரித்துத் தரட்டுமா என்றால், "நடுவுல எந்திரிச்சுப் போய் மாத்தணுமாப்பா?" என்கிறார். சரி, டூயல் லேயர்தான் என்று முடிவானது.

வீடியோவை டிவிடி வடிவத்துக்கு மாற்றியது, மெனு செய்தது, எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக்கியது எதிலும் சிக்கல் இல்லை. டிஸ்க்கை ட்ரேயில் வைத்த பிறகுதான் ஆரம்பித்தது. 48, 49 சதவீதம் வரை வெண்ணெய் மாதிரிப் போகும். 50ஐத் தொட்டதும் ட்ரைவிலிருந்து ஒரு சத்தம், மோட்டார் வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றும் சத்தம். சற்று நேரம் அசையாது. அப்புறம் 'ரைட் எரர்'. அடுத்த டிஸ்க்கிலும் அதே இடம். அதே ட்ரைவில் சாதாரண 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றுகூடத் தவறவில்லை என்பதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

ட்ரைவ் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "உங்கள் மாடல் டூயல் லேயரை ஆதரிக்கிறது, வேறு டிஸ்க் முயன்று பாருங்கள்" என்று பதில் வந்தது. டிஸ்க் கம்பெனிக்கு எழுதினால், "வேறு ட்ரைவில் முயன்று பாருங்கள்." எழுதும் மென்பொருள் நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் கோப்பை இணைத்து அனுப்பியிருந்தேன், அதை இரண்டு பேருமே திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதிலேயே எந்த செக்டாரில், அதாவது டிஸ்க்கின் எந்தச் சிறு துண்டில், நின்றது என்று இருந்தது. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்லி இன்னொரு மெயில் வேறு. அதையும் செய்தேன். எதுவும் மாறவில்லை.

ஏன் சரியாகப் பாதியில்? டூயல் லேயர் டிஸ்க்கில் எழுதும் அடுக்குகள் இரண்டு. முதல் அடுக்கு மையத்தில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகும். விளிம்பு பக்கம் வந்ததும் லேசர் குவியத்தை மாற்றி இரண்டாம் அடுக்குக்குத் தாவி, அங்கிருந்து மையத்தை நோக்கித் திரும்பி வரும். இரண்டாம் அடுக்கை எட்ட வேண்டுமானால், பாதி ஒளியை மட்டும் கடத்தும் முதல் அடுக்கின் ஊடாகத்தான் போக வேண்டும். அதனால் கூடுதல் சக்தி வேண்டும். டிஸ்க்கிலேயே மோசமான இடமும் அந்த விளிம்புதான். லேசான வளைவு இருந்தாலும் அங்கேதான் அதிகம் தெரியும். இரண்டு தகடுகளை ஒட்டியதில் குறை இருந்தாலும் பெரும்பாலும் அங்கேதான். போதாததற்கு, ஓரத்தைப் பிடித்துத்தான் டிஸ்க்கைத் தூக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். விரல் ரேகை கொஞ்சம் உள்ளே நகர்ந்து விழுந்தால் எந்த இடத்தில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். ஆக, கஷ்டமான வேலையை மோசமான இடத்தில் செய்யச் சொல்கிறோம்.

வீணாய்ப்போன டிஸ்க் ஒன்றை மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தேன். எழுதிய பகுதி நிறம் மாறி, மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரே சீராக இருந்தது. விளிம்பை ஒட்டிய கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் மட்டும் அந்த நிறம் பட்டை பட்டையாக, ஒருபக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் ஒல்லியாகவும் இருந்தது. கண்ணாடி மேல் படுக்க வைத்தால் ஒரு பக்கம் துளி தூக்கி நின்றது. டப்பாவில் மிச்சமிருந்ததில் இன்னும் சில அப்படியே. இதற்கு எந்த மென்பொருள் என்ன செய்யும்?

வேகத்தைக் குறை என்று எல்லோரும் சொல்வார்கள். முழுக்கத் தப்பில்லை, ஆனால் அப்படியே நம்ப வேண்டாம். எழுதும் வேகத்தை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். 2.4 எக்ஸ் காலத்து டிஸ்க்கை 2.4ல் எழுதுவது சரி, ஒரு டிஸ்க்குக்கு முக்கால் மணி நேரம் போகும். 8 எக்ஸ் என்று போட்ட டிஸ்க்கை இழுத்துப் பிடித்து அடிமட்ட வேகத்தில் எழுதினால் நல்லது நடக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொரு டிஸ்க் வகைக்கும் எந்த வேகத்தில் எவ்வளவு லேசர் சக்தி என்ற கணக்கு ட்ரைவின் ஃபர்ம்வேருக்குள், அதாவது அதன் உள் மென்பொருளுக்குள், இருக்கிறது. அந்தக் கணக்கு நன்றாகப் போடப்பட்ட வேகம்தான் உங்களுக்கு நல்ல வேகம். என்னிடம் 4 எக்ஸ் ஒழுங்காக வந்தது. 2.4 என்று அமைத்தபோது ட்ரைவ் அதைக் கண்டுகொள்ளாமல் தன் இஷ்டத்துக்கு எழுதியது என்பதே லாக்கைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதிகபட்ச வேகம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்து டிஸ்க்கின் அடையாளக் குறியீடு. பெட்டி மேல் இருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் டிஸ்க்கைச் செய்தவர் வேறொருவராக இருக்கலாம். வெற்று டிஸ்க்கைப் போட்டுவிட்டு இம்ஜ்பர்ன் என்ற எழுதும் மென்பொருளைத் திறந்தால் வலது பக்கத்தில் டிஸ்க் ஐடி என்று ஒரு வரி வரும். லினக்ஸில் டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ கட்டளை அதையே சொல்லும். ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி, அடுத்தடுத்து வாங்கிய இரண்டு டப்பா. இரண்டுக்கும் ஐடி வேறு வேறாக இருந்தது. அதில் ஒன்றுதான் என் கழுத்தை அறுத்த கூட்டம். பெட்டியை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் இது தெரியாது. கடையில் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, பிரித்த டப்பாவைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று விட்டார்கள். பிரிக்காமல் ஐடி எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

டூயல் லேயரில் நெடுங்காலமாக எல்லோரும் கைகாட்டுவது வெர்பேட்டிமின் எம்கேஎம்-001-00, எம்கேஎம்-003-00 என்ற குறியீடுகளை. முதலாவது 2.4 எக்ஸ், இரண்டாவது 8 எக்ஸ். எனக்குக் கடைசியில் கைகொடுத்ததும் இரண்டாவதுதான். ஆனால் 2019ல் அந்த வணிகம் மிட்சுபிஷியிடமிருந்து சிஎம்சி மேக்னெடிக்ஸ் கைக்குப் போய்விட்டது. அதனால் பழைய பரிந்துரைகளைப் படித்துவிட்டு மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். சின்னப் பெட்டி ஒன்று வாங்கி, ஐடி பார்த்து, ஒன்றை எழுதி வெரிஃபை செய்த பிறகு, அதாவது எழுதியதைப் படித்துச் சரிபார்த்த பிறகு, மீதியை வாங்குங்கள்.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பு ஒன்று இருந்தது, போட்டேன். லேப்டாப்போடு வந்த ட்ரைவ் என்றால் கவனம். மாடல் எண் ஒன்றுபோல இருந்தாலும் லேப்டாப் கம்பெனிக்கென்று தனி ஃபர்ம்வேர் இருக்கும். மாற்றிப் போட்டால் ட்ரைவே போய்விடலாம். போட்டு முடித்ததும் அதே டிஸ்க்குக்கு ட்ரைவ் காட்டும் வேகப் பட்டியலே மாறியிருந்தது. அந்த டிஸ்க் பற்றிய கணக்கு உள்ளே திருத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு நடுவில் வெளியே செருகும் ஒல்லி ட்ரைவ் ஒன்றையும் கடன் வாங்கிப் பார்த்தேன். அதுவும் ஏறக்குறைய பாதியில்தான் செத்தது, ஆனால் வேறு விதமாக. எரர் வருவதற்கு முன் ட்ரைவே விண்டோஸிலிருந்து காணாமல் போய், சில நொடி கழித்துத் திரும்பி வந்தது. யுஎஸ்பியைப் பிடுங்கினால் வரும் அதே 'டிடிங்' ஒலி. இது டிஸ்க் பிரச்சினை இல்லை, மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். இரண்டாம் அடுக்குக்கு லேசர் சக்தியை ஏற்றும்போது ட்ரைவ் மூச்சு வாங்குகிறது. நடுவில் இருந்த யுஎஸ்பி ஹப்பைத் தூக்கிவிட்டு, இரண்டு தலை உள்ள கேபிளை கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டுகளில் நேரடியாகச் செருகியதும் அந்தக் காணாமல் போகும் வித்தை நின்றது. பாதியில் நின்ற டிஸ்க் எல்லாவற்றுக்கும் ஒரே நோய் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன். தொடக்கத்திலேயே, ஒரு சதவீதம்கூடப் போகாமல் 'பவர் கேலிப்ரேஷன்' என்று ஏதாவது வந்தால் அது இன்னொரு கதை. அந்த டிஸ்க்குக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று ட்ரைவால் கணிக்கவே முடியவில்லை. டிஸ்க் ஒத்துவரவில்லை, அல்லது லேசர் தளர்ந்துவிட்டது, அல்லது லென்ஸில் தூசி.

இப்போது இருப்பதிலேயே மோசமான ரகம்: வெற்றி என்று சொல்லிவிட்டுக் கழுத்தறுப்பது. ஒரு டிஸ்க் 100 சதவீதம் வந்து, வெற்றி ஒலியும் எழுப்பி, ட்ரேயும் வெளியே வந்தது. வெரிஃபை பெட்டியில் டிக் இருந்ததால் ட்ரே மறுபடி உள்ளே போய்ப் படிக்க ஆரம்பித்தது. பாதிக்குக் கொஞ்சம் முன்னால் திணறித் திணறி நின்றது. எழுதும்போது ட்ரைவ் தான் எழுதியதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வெரிஃபை இல்லாமல் கொடுத்திருந்தால் பெரியப்பா வீட்டில் படம் நடுவில் உறைந்திருக்கும். நேரம் இரட்டிப்பாகிறதே என்று அந்த டிக்கை எடுத்துவிடாதீர்கள். முடிந்தால் எழுதிய ட்ரைவில் மட்டும் இல்லாமல் வேறொரு ட்ரைவிலும் முழுதாக ஒருமுறை படித்துப் பாருங்கள். எழுதிய ட்ரைவ் தன் கையெழுத்தைத் தானே படித்துவிடும், மற்றவை அத்தனை தாராளமாக இருக்காது.

கடைசியில் காரியத்தை முடித்தது ரொம்பச் சின்ன விஷயம். டிஸ்க்கை நிரப்பாமல் விட்டது. டிவிடி+ஆர் டிஎல்லின், அதாவது ப்ளஸ் வகை டூயல் லேயர் டிஸ்க்கின், கொள்ளளவு 8.5 ஜிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் கணக்கில் அது 7.96. என் ஐஎஸ்ஓ ஏறக்குறைய அதை முட்டிக்கொண்டிருந்தது. அதாவது திருப்பம் விளிம்பின் கடைசியில். லேசர் திரும்பும் இடத்தை, அதாவது லேயர் பிரேக்கை, நாம் முன்னால் கொண்டுவரலாம். முதல் அடுக்கில் இருப்பது இரண்டாம் அடுக்கில் இருப்பதைவிடக் குறையக் கூடாது, அவ்வளவுதான் விதி. வீடியோவின் பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக்கு எடுத்துக்கொள்ளும் அளவை, கொஞ்சம் குறைத்து 7 ஜிபிக்குக் கீழே கொண்டுவந்தேன். பிரேக் 3.5 ஜிபிக்குப் பக்கத்தில் வந்தது. வளைந்து கிடக்கும் அந்தக் கடைசி மில்லிமீட்டர்களை லேசர் தொடவே இல்லை. முதல் முயற்சியிலேயே 50ஐத் தாண்டி 51, 52 என்று ஓடியபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

வெறும் கோப்புகளை எழுதுகிறீர்கள் என்றால் இம்ஜ்பர்ன் தானே சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும். டிவிடி வீடியோ என்றால் பிரேக் கண்ட இடத்தில் வர முடியாது. வீடியோவின் ஒரு செல், அதாவது ஒரு துண்டு, தொடங்கும் இடத்தில், அதுவும் 16 செக்டார்களின் மடங்கில்தான் வர வேண்டும். தகுதியான இடங்களை மென்பொருள் பட்டியல் போட்டுக் காட்டும். பட்டியல் காலியாக இருந்தால் சாப்டர்களை இன்னும் சில இடங்களில் போட்டு டிவிடியை மறுபடி உருவாக்க வேண்டியதுதான். பேச்சு நடுவில் வரும் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பழைய ப்ளேயர்கள் அடுக்கு மாறும்போது ஒரு கணம் நிற்கும். ஒரு காட்சி முடிந்து இருட்டாகும் இடம் கிடைத்தது, அதை வைத்தேன்.

இன்னொரு விஷயம், புக் டைப். டிஸ்க் எந்த வகை என்று ப்ளேயருக்குச் சொல்லும் குறி அது. பழைய ப்ளேயர்கள் பல டிவிடி+ஆர் டிஎல் என்ற அடையாளத்தைப் பார்த்தாலே 'நோ டிஸ்க்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எழுதுவதற்கு முன் புக் டைப்பை டிவிடி-ராம் என்று மாற்றிவிட்டால், கடையில் விற்கும் அச்சடித்த டிஸ்க் என்று நினைத்து ஏற்றுக்கொள்ளும். நான் சொல்வது படிக்க மட்டும் முடிகிற ராம், எழுதி அழிக்கும் ரேம் இல்லை. ட்ரைவ் ஆதரித்தால்தான் இது நடக்கும். மைனஸ் வகை டிஸ்க்கில் இந்த வசதியே கிடையாது, அதனால் பெட்டியில் ப்ளஸ் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எழுதி முடித்த பிறகு மாற்ற முடியாது.

ஒன்றை எழுதிய கையோடு இன்னொன்றைப் போடாமல் ட்ரைவைக் கொஞ்சம் ஆறவிடுங்கள். சூடாக இருந்தபோது நல்ல டிஸ்க்கும் வெரிஃபையில் தடுமாறியது. டிஸ்க்கைத் துடைப்பதாக இருந்தால் மையத்திலிருந்து நேராக விளிம்பை நோக்கி, வட்டமாக வேண்டாம்.

பெரியப்பா முழுசும் பார்த்துவிட்டார். நடுவில் படம் ஒருமுறை நின்று போனதைக் கவனித்தாரா என்று கேட்டேன், இல்லை என்றார். அந்த மோசமான ஐடி டப்பாவில் மிச்சமிருப்பவற்றில் வளைந்ததைக் கழித்துவிட்டு, 5 ஜிபிக்கு மேல் போகாத பேக்கப்புகளை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை வெரிஃபையில் எதுவும் விழவில்லை. ஆனால் அவற்றின் இரண்டாவது பிரதி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது.