சுருளிப்பட்டிப் பந்தலுக்குக் கீழே

என் சித்தப்பா மகன் நாசிக் பக்கம் ஒரு ஒயின் ஆலையில் ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊரோடு வந்துவிட்டான். தீபாவளிக்குப் பார்த்தபோது, "அக்கா, ஒரு நாள் தோட்டத்துக்கு வா. பழத்துல ஆரம்பிச்சு ஒயின் வரைக்கும் உனக்குக் காட்டுறேன்" என்றான். அதுவரை ஒயின் என்றால் எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்துமஸ் கேக்கோடு சின்னத் தம்ளரில் கொடுத்தனுப்பும் திராட்சை ரசம் மட்டும்தான். நல்ல இனிப்பாக, கிராம்பு வாசத்தோடு இருக்கும். ஆலையில் தயாரான ஒயினை ஒரு சொட்டுகூட ருசித்ததில்லை. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம்.

மதுரையிலிருந்து போடி போகும் காலை ரயில். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். அகலப்பாதையில் தேனி வரை மறுபடி ரயில் வர 2022 ஆகிவிட்டது, போடிக்கு 2023. இடைப்பட்ட வருஷமெல்லாம் பஸ்தான். அதனால் இந்த ரயிலில் ஏறினாலே எனக்குத் தனி சந்தோஷம். உசிலம்பட்டி தாண்டியதும் மலையை வெட்டிப் பாதை போட்ட இடம் வரும், அப்புறம் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள். தேனியில் இறங்கி, கம்பம் பஸ் பிடித்து, அங்கிருந்து சுருளிப்பட்டி போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது.

சின்னமனூர் தாண்டியதும் காற்று மாறுவதைப் பஸ் ஜன்னலிலேயே உணரலாம். ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் கேரள எல்லை மலைகள், நடுவில் பச்சைப் பாய் விரித்த மாதிரி நெல், வாழை, தென்னை, திராட்சை. 1895ல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர்தான் இத்தனைக்கும் காரணம். இங்கே வீட்டுக்கு வீடு, அதைக் கட்டிய பென்னிகுவிக்கின் படம் மாட்டியிருப்பார்கள். என் சித்தப்பா வீட்டிலும் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தோட்டத்துக்குள் நுழைய எல்லாரும் குனிய வேண்டும். கல்தூண் நட்டு, மேலே கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டி, அதன்மேல் கொடியைப் படரவிட்ட பந்தல். உள்ளே போனதும் வெயில் சட்டென்று பச்சையாகிவிடுகிறது. தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகக் கருநீலப் பழம். இதுதான் பன்னீர் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். வெளியுலகில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க்.

வடக்கே பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு அறுவடைதான். இங்கே அப்படி இல்லை. கொடியை வெட்டிவிட்டுக் கவாத்து பண்ணியதிலிருந்து நாலு மாசத்தில் பழம் வந்துவிடும். இன்றைக்கு இவர் தோட்டத்தில் அறுப்பு என்றால், பக்கத்துத் தோட்டத்தில் அப்போதுதான் துளிர் விட்டிருக்கும். வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு பந்தலில் பழம் இருந்துகொண்டே இருக்கும். சித்தப்பா பேசும்போதெல்லாம் கையில் கத்தரி. பேச்சு நடந்துகொண்டிருக்க, கொத்துக்குள் கெட்டுப்போன ஒரு பழத்தை மட்டும் நறுக்கி எடுத்துவிடுவார், மற்ற பழத்தில் விரல் படாது. "விரல் பட்டா அந்த வெள்ளைப் பூச்சு போயிடும் தாயி, வியாபாரி பழைய பழம்னு சொல்லிடுவான்" என்றார். பழத்தின்மேல் சாம்பல் தூவிய மாதிரி இருக்கிறதே, அது பழமே பூசிக்கொள்ளும் மெழுகு. நான் இத்தனை வருஷமாக மருந்து என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். மருந்து அடிப்பதும் உண்டுதான், கழுவாமல் சாப்பிடக் கூடாது. ஆனால் அந்த வெள்ளை மருந்தல்ல.

தம்பி ஒரு கொத்தை அறுத்துக் கழுவி வந்தான். பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஒரு பழத்தை எடுத்து விரலால் அழுத்தச் சொன்னான். உள்ளிருப்பது வாய்க்குள் போனது, தோல் கையில் நின்றது. முதலில் சதை: தேன் மாதிரி இனிப்பு, ஓரத்தில் புளிப்பு. விழுங்கிய பிறகு மூக்கின் பின்பக்கமாக ரோஜா வாசம் வந்தது. லினலூல், ஜெரானியால் என்று அவன் ஏதோ பெயர் சொன்னான். ரோஜாவிலும் இருக்கிற வாசனைப் பொருள்களாம் அவை. பன்னீர் என்று பேர் வைத்தவர்கள் மூக்கால்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்தது தோலை மட்டும் மெல்லச் சொன்னான். லேசான துவர்ப்பு. கடைசியாகக் கொட்டை. கடித்ததும் நாக்கு கொட்டைப்பாக்கு மென்ற மாதிரி இழுத்துப் பிடித்தது.

"இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்க. ஒயின்லயும் இதேதான் வரும்" என்றான்.

சிறுவயதிலிருந்து கூடை கூடையாக இந்தப் பழத்தைச் சாப்பிட்டிருக்கிறேன். இப்படிப் பிரித்துச் சாப்பிட்டது அன்றுதான்.

அவன் கொட்டகையில் காலையிலேயே ஒரு வேலை செய்து வைத்திருந்தான். இரண்டு கண்ணாடித் தம்ளர். ஒன்றில் கருநீலப் பழத்தை வெள்ளைத் துணியில் பிழிந்து எடுத்த சாறு மட்டும். கிட்டத்தட்ட நிறமே இல்லாமல், லேசான மஞ்சளாக இருந்தது. இன்னொன்றில் நசுக்கிய பழத்தைத் தோலோடு அப்படியே ஊறவிட்டிருந்தான்; அது ரோஜாப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. சிவப்பு நிறம் முழுக்கத் தோலில்தான் இருக்கிறது. தோலோடு சேர்த்து நொதிக்க விட்டால் சிவப்பு ஒயின், சாறை மட்டும் பிரித்து நொதிக்க விட்டால் வெள்ளை ஒயின். கருப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின் எடுக்கலாம் என்பதை அந்த இரண்டு தம்ளரைப் பார்த்த பிறகுதான் என்னால் நம்ப முடிந்தது.

அடுத்து, சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தான். பிரிக்ஸ் மீட்டர். சாறு ஒரு சொட்டை அதன் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சர்க்கரை அளவு தெரியும். எங்கள் பழம் 17 காட்டியது, அதாவது நூறு கிராம் சாறில் 17 கிராம் சர்க்கரை. ஒயினுக்கென்றே வளர்க்கும் திராட்சையை 22, 24 வரும்வரை கொடியிலேயே விடுவார்களாம். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால். அப்படிப் பார்த்தால் பன்னீரில் ஒன்பது, பத்து சதவீதம்தான் தேறும். வழக்கமான ஒயின் 12லிருந்து 14 வரை இருக்கும். தோலும் மெல்லிசு, சாறும் அதிகம். சாப்பிடுவதற்கென்றே அமைந்த பழம். ஆனால் இந்த வாசம் வேறெந்தப் பழத்துக்கும் வராது, இனிப்பு ஒயினுக்கு இது அருமையான பழம் என்று தம்பி அடித்துச் சொல்கிறான். சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். மழையில் பழம் வெடித்துப் போகும்போதும், வரத்து கூடி விலை விழும்போதும் வாங்கிக்கொள்ள இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் நாலு ஆலை வர வேண்டும் என்பார். பறித்த பழம் இரண்டு மூன்று நாளில் தொய்ந்துவிடும். அவர் அவசரம் அவருக்குத்தான் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கொட்டகையில் உட்கார்ந்தோம். நாசிக்கில் ஆலைக்கே போய் வரிசையாக ஊற்றித் தருவதை ருசித்துப் பார்க்கலாமாம். இங்கே சில்லறை விற்பனை டாஸ்மாக் வழியாகத்தான். மதுரையில் எலைட் கடையில் வீட்டுக்காரர் இரண்டு பாட்டில் வாங்கி வந்திருந்தார். செனின் பிளாங்க் என்ற வெள்ளை, ஷிராஸ் என்ற சிவப்பு. வெள்ளையை ஐஸ் பெட்டியில் போட்டு வைத்திருந்தான் தம்பி. சிவப்பையும் நம்மூர் வெயிலில் அப்படியே குடிக்கக் கூடாது என்று ஈரத்துணி சுற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

தண்டு வைத்த கண்ணாடிக் கோப்பையில் கால்வாசிதான் ஊற்றினான். தண்டைப் பிடிக்க வேண்டும், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும். நான் வாயருகே கொண்டுபோனதும் கையைப் பிடித்தான். "மொதல்ல மோந்து பாரு. அப்புறம் லேசா சுத்திட்டு மறுபடி மோந்து பாரு." முதல் தடவை குளிர்ச்சி மட்டும்தான் தெரிந்தது. சுற்றிய பிறகு நுகர்ந்தபோது கொய்யா வாசம். சந்தேகமே இல்லை, நன்றாகப் பழுத்த வெள்ளைக் கொய்யா. ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நாக்கு முழுக்கப் படரவிட்டேன். இனிப்பு வந்தது. உடனே கன்னத்தின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறியது. அதுதான் புளிப்பின் அடையாளமாம். ஊற ஊறப் புளிப்பு அதிகம் என்று அளந்துகொள்ளலாம்.

அதே ஒயினைச் சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். கொய்யாவைக் காணவில்லை. அகன்ற வாய் வழியாக வாசம் அத்தனையும் போய்விட்டது. கோப்பையின் வாய் ஏன் உள்ளே குவிந்திருக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

ஷிராஸ் எனக்கு எடுத்ததும் பிடிக்கவில்லை. பாக்கு மென்ற அதே இழுப்பு, நாலு மடங்காக. ஈறு வரைக்கும் காய்ந்தது. "இதுதான் டானின். கொட்டையைக் கடிச்சியே, அதே சங்கதி" என்றான் தம்பி. காலையில் அந்தக் கொட்டையைக் கடிக்காமல் இருந்திருந்தால் இது கெட்டுப்போன சரக்கு என்றுதான் நினைத்திருப்பேன். இரண்டாவது வாய்க்கு அந்த இழுப்புக்குப் பின்னால் நாவல்பழம் தெரிந்தது. அதற்கும் பின்னால் என்னவோ காரமாக, பழகிய வாசம். எனக்குப் பெயர் வரவில்லை, வீட்டுக்காரருக்கும் வரவில்லை.

சித்தி சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். வீட்டுக்குள் இதெல்லாம் வேண்டாம், தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தவர். குடியால் ஒரு குடும்பம் என்னவாகும் என்று தன் பிறந்த வீட்டிலேயே பார்த்தவர் அவர். அந்த வருத்தம் எனக்கும் தெரியும், அதனால் யாரும் அவரை வற்புறுத்தவில்லை. தம்பி மட்டும், "குடிக்க வேணாம்மா, வாசத்தை மட்டும் சொல்லு" என்று கோப்பையை நீட்டினான். சித்தி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கண்ணை மூடி ஒரு தடவை மூச்சை இழுத்தார்.

"மிளகு. அம்மியில ஒண்ணும் பாதியுமா தட்டுன மிளகு."

தம்பி எழுந்து நின்றுவிட்டான். ஷிராஸை அடையாளம் காண்பதே மிளகை வைத்துத்தானாம். மிளகுக்கு வாசம் தருகிற பொருள் ஷிராஸ் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. ஆலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்த வாசத்தைப் பிடிக்கவே மாசக்கணக்கில் ஆகும் என்றான். சித்தி கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இலை போட ஆரம்பித்தார். பத்து வயதிலிருந்து அம்மியும் உரலுமாக இருந்த மூக்கு அது. பிறகு வெள்ளையைக் கொடுத்தபோதும், கொய்யாவோடு "பழுத்த அன்னாசியோட அடிப்பக்கம்" என்று துல்லியமாகச் சொன்னார்.

நாட்டுக்கோழிக் குழம்போடு ஷிராஸ் சரிப்படவில்லை. மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் சேர்ந்து தொண்டையை எரித்தது, துவர்ப்பும் கூடியது. அதே குழம்புக்குச் சில்லென்ற செனின் பிளாங்க் அப்படிப் பொருந்தியது. அந்த லேசான இனிப்பு காரத்தை வாங்கிக்கொண்டது. நம் சாப்பாட்டோடு ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: முதலில் இனிப்பு ஓரம் உள்ள வெள்ளை, நன்றாகக் குளிர வைத்து. சிவப்பை எண்ணெயில் வறுத்த உப்புக்கடலையோடு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோப்பைக்கு மேல் நாங்கள் போகவில்லை. அதற்குள்ளேயே நாக்கு களைத்து வாசங்கள் கலங்க ஆரம்பித்துவிட்டன.

சாயங்காலம் திண்ணையில் பேச்சு எங்கெங்கோ போனது. இந்த முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் வைகையில் சேர்ந்து மதுரையைக் கடந்து போய் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அழகன்குளம். அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த சில்லுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் கடந்து வந்த திராட்சை மது, வைகையின் முகத்துவாரத்தில் இறங்கியிருக்கிறது. அதைச் சொன்னதும் சித்தப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப நம்ம ஆத்தோட அந்தக் கடைசில வந்து எறங்குச்சு. இப்ப இந்த மொனையில காய்க்குது" என்றார்.

மறுநாள் விடியும் முன்பே அறுப்பு. பெண்கள் கொத்தின் காம்பைப் பிடித்து நறுக்கி, பழத்தைத் தொடாமல் பெட்டிக்குள் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேரளா போகும் வேன் வாசலில் நின்றது. எங்களுக்கென்று சித்தப்பா ஒரு அட்டைப் பெட்டி கட்டிக் கொடுத்தார், அடியில் காகிதம் விரித்து.

சாயங்கால ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆண்டிபட்டி வருவதற்குள் எதிர் சீட்டு அம்மா, "யாரோ ரோஜாப்பூ வச்சிருக்காங்க போல" என்று சுற்றிப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒரு கொத்தை எடுத்துக் கொடுத்தேன்.