வங்குரோத்தான பாடகரும் எங்கள் மதிய உணவு மேசையும்

2013ஆம் ஆண்டு நவம்பரில், ஆரன் கார்ட்டர் என்ற அமெரிக்கப் பாடகர் தமது கடன்களை அடைக்க வழியில்லையென்று புளோரிடாவில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தபோது அவருக்கு 25 வயது. அந்தச் செய்தியைத் திருகோணமலை நகரில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளையின் மதிய உணவு மேசைக்குக் கொண்டுவந்தவர், அப்போதுதான் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த ஓர் இளைஞர். கார்ட்டரின் அண்ணன் நிக், பேக்ஸ்ட்ரீட் போய்ஸ் குழுவில் பாடியவர் என்பதால், அந்தக் குழுவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த எங்களிற் சிலருக்குத் தம்பியின் பெயரும் தெரிந்திருந்தது. பத்து வயதளவில் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டவர்; 2000இல் வந்த அவருடைய தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 30 இலட்சம் பிரதிகள் போயிற்று. அப்படிப்பட்டவருக்கு 25 வயதில் இருந்த கடன் 20 இலட்சம் டொலருக்கு மேல். மனுவில் காட்டிய சொத்தோ 10,000 டொலருக்கும் குறைவு.

நான் அப்போது கடன் அறவீட்டுப் பிரிவில் இருந்தேன். தவணை தவறியவர்களுக்குக் கடிதம் எழுதுவதும், பிணை நின்றவர்களைத் தொலைபேசியில் அழைப்பதும், அதற்கும் பதில் இல்லையென்றால் வீட்டுக்கே போவதும் எங்கள் வேலை. அந்த வேலையில் இருப்பவர்கள் இப்படியொரு செய்தியை நிதானமாகக் கேட்பார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். நடந்தது அப்படியல்ல. “காசு வந்த வரத்தில தலைகால் தெரியாமப் போயிருக்கும்” என்றார் அடகுப் பிரிவில் இருந்த மூத்த அக்கா. “தாய் தகப்பன் என்ன செய்து கொண்டிருந்தவை?” என்றார் இன்னொருவர். வாசலில் நின்ற பாதுகாப்பு ஊழியர் ஐயா, தண்ணீர் எடுக்க உள்ளே வந்தவர், தொகையை ரூபாயில் கேட்டறிந்து, “இவ்வளவு காசையும் என்னெண்டு பிள்ளை முடிக்கிறது?” என்று உண்மையான வியப்போடு என்னிடம் கேட்டார். எல்லோரும் சிரித்தது, கார்ட்டர் தம்மிடம் மிஞ்சியிருப்பதாகக் காட்டிய பொருள்களைப் பயிற்சியாளர் தம்பி வாசித்தபோதுதான். கைக்கடிகாரம், கைப்பை என்று விலையோடு பட்டியல் நீண்டது.

அந்தச் சிரிப்பு எனக்கு அன்றே உறுத்தியது. நல்லவளாக இருந்ததால் அல்ல. அதே போன்ற பட்டியல் ஒன்று அன்று காலை என் மேசையில் கிடந்தது என்பதால். நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் புறாத்தீவுக்குப் படகு விடும் ஒருவர், வான் ஒன்றை லீசிங்கில், அதாவது தவணைக் குத்தகையில், எடுத்துத் தவணை தவறியிருந்தார். வீட்டில் இருப்பவை குளிர்சாதனப் பெட்டி, தையல் இயந்திரம், மனைவியின் இரண்டு காப்பு, அவையும் அடகில், என்று எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை.

மேசையில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: அந்த 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கடன் யாருக்கு? எங்கள் பிரிவில் ஒரு கோப்பைத் திறந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். கார்ட்டரின் கடனிற் பெரும்பகுதி, ஏறத்தாழ 13 இலட்சம் டொலருக்கு மேல், அமெரிக்க அரசுக்குச் செலுத்த வேண்டிய வருமான வரி. அதுவும் பெரும்பாலும் அவர் 18 வயதுக்குக் கீழ் இருந்தபோது ஈட்டிய பணத்துக்கான வரி என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. அப்படியானால் ஊதாரித்தனம் என்ற தீர்ப்பு பாதிக்குப் பாதி அடிபட்டுப் போகிறது. மேடைக்குக் கிடைக்கிற தொகை முழுவதும் பாடகரின் பணமல்ல. முகவருக்கும் முகாமையாளருக்கும் போனது போக, வரிக்கென்று ஒரு பங்கை அன்றே ஒதுக்கி வைக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை அதை ஒதுக்க மாட்டான். ஒதுக்கும் அதிகாரமும் அவன் கையில் இருக்காது. கையெழுத்துப் போடுகிறவர் வேறு, பின்னாளில் கடன்காரராகிறவர் வேறு. பிணை நின்றவர்களின் வீடுகளுக்குப் போய்வருகிற எனக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றவில்லை.

அமெரிக்கர்களுக்கும் இது புதிதல்ல. மௌனப்படக் காலத்துக் குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகன், தாம் சம்பாதித்ததைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டதாக 1938இல் வழக்குத் தொடுத்த பிறகே, கலிபோர்னியா 1939இல் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கச் சட்டம் இயற்றியது. 2000இல் அதைத் திருத்தி, மொத்த வருமானத்தில் 15 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். மீதி 85 சதவீதத்துக்கும் அதன் வரிக்கும் யார் பொறுப்பு என்பதைக் குடும்பமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலாவெளிக்காரரின் கோப்புக்கு வருகிறேன். 2009இல் போர் முடிந்து பாதைகள் திறந்ததும் வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் கிழக்குக்குப் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், வான் என்று எதைக் கேட்டாலும் கொடுத்தார்கள். நாங்களும் கொடுத்தோம், அதற்கு இலக்கு இருந்தது. ஆனால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து உழைப்பு சித்திரையில் தொடங்கிப் புரட்டாதியோடு ஓய்ந்துவிடும். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்தால் படகைக் கரையேற்றி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தவணையோ மாதா மாதம் வரும், மார்கழியிலும் அதே தொகை. ஓகஸ்ட் மாதத்து வருமானத்தைக் காட்டிக் கடன் எடுத்தவரும் சரி, அதைப் பார்த்துக் கடன் கொடுத்தவரும் சரி, மார்கழியைக் கணக்கில் எடுக்கவில்லை. பதின்வயதில் வருகிற புகழும் இப்படியொரு சீசன்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது. ஐந்தாறு வருடத்தில் அடுத்த பையன் மேடைக்கு வந்துவிடுவான்.

நிலாவெளிக்காரருடைய ஊரில் விசாரித்தபோது கேட்டவை, எங்கள் உணவு மேசையில் கேட்டவற்றிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. மகளின் சாமத்திய வீட்டை, பூப்பு விழாவை, பெரிதாகச் செய்தார், அதுதான் விழுந்தார் என்றார் கடைக்காரர். விழாச் செலவு கடனில் சிறு பங்குதான் என்பது எங்கள் ஏட்டிலேயே தெரிந்தது. என்றாலும் பந்தலையும் வீடியோக்காரரையும் ஊர் கண்டது; வட்டி ஏறுவதை எவரும் காண்பதில்லை.

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. குண்டுவெடிப்புகள் நடந்தது கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு நகரங்களில். வெறிச்சோடியது எங்கள் கடற்கரையும்தான், அதுவும் சீசன் தொடங்கும் வாரத்தில். சுற்றுலாத் துறைக்குத் தவணை ஒத்திவைப்புக் கிடைத்தது. ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி உண்டு என்பதைப் பலர் பின்னரே உணர்ந்தார்கள். அடுத்த ஆண்டு கொரோனா. 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாள் கழித்து, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு வரிசையில் நின்று பெற்றோல் அடித்த எங்கள் கிளை ஊழியர்களிற் பலர், வீட்டுக் கடனுக்கும் நகை அடகுக்கும் வட்டி கட்ட முடியாமல், தாங்கள் கையாளும் கோப்புகளைப் போலவே தாங்களும் ஆகியிருந்தார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 5இல் ஆரன் கார்ட்டர் கலிபோர்னியாவில் தமது வீட்டில் இறந்து கிடந்தார். வயது 34. செய்தியைச் சொன்னவர் முன்னாள் பயிற்சியாளர் தம்பிதான். இப்போது கடன் பிரிவில் இருந்தார். பழைய சிரிப்பை யாரும் நினைவுபடுத்தவில்லை. “பாவம் பொடியன், அந்தக் கடனோடதான் கிடந்திருக்கிறான்” என்றார் ஒருவர். கடனுக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. முன்பு அவரை ஊதாரி ஆக்கினார்கள், இப்போது கடனுக்குப் பலியானவர் ஆக்குகிறார்கள். இரண்டு முறையும் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை.

மூத்த அக்கா மட்டும் மாறவில்லை. வரிக் காசு அவருடைய காசே இல்லை, சின்ன வயதில் தெரியாமற் போனால் போகட்டும் என்றவர், “பதினெட்டுக்குப் பிறகு எட்டு வருசம் இருந்ததே தங்கச்சி, என்ன செய்தவன்?” என்று என்னைக் கேட்டார். கட்டாத வரிக்கு அபராதமும் வட்டியும் சேர்ந்துகொண்டே போகும், சீசன் முடிந்த பிறகு முதல் தொகையையே தொட முடியாது என்றேன். அவர் ஏற்கவில்லை. ஆரம்பத்திலேயே அதிகாரியிடம் போய்த் தவணை கேட்டிருக்க வேண்டும் என்றார். எங்களிடம் வந்து அப்படிக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு நாங்கள் தவணை கொடுத்தோம் என்று தம்பி குறுக்கிட்டார். அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு, அது வேறு கதை என்றார்.