பதினொரு வீடுகளுக்குப் போன சைக்கிள்

சென்ற ஆண்டு நம் சோழவந்தான் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை நடத்திய பொங்கல் விழாவில் என்னை மேடைக்கு அழைத்த தம்பி, "தன்னம்பிக்கை ஒன்றையே முதலாக வைத்து உயர்ந்தவர்" என்று அறிமுகம் செய்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வீடு திரும்பும் ரயிலில்தான் உறுத்தத் தொடங்கியது. பத்தாம் வகுப்பில் கணக்கில் 29 வாங்கியவனிடம் அன்றைக்கு ஏது தன்னம்பிக்கை? இருந்ததெல்லாம் பயம்தான். சங்க மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். அந்தக் கணக்கையாவது நேர் செய்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா தவறியது 1986இல். அம்மா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் வேலைக்குப் போனார். விடியும் முன்பே நானும் கூடப் போவேன். சோழவந்தான்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வரிசை வரிசையாக அகத்தி நிற்கும், அதன்மேல் கொடி ஏறியிருக்கும், நடுவே முழங்கால் ஆழ வாய்க்காலில் தண்ணீர் கிடக்கும். உள்ளே எப்போதும் அரை இருட்டுதான். கட்டைவிரலில் இரும்பு நகத்தை மாட்டிக்கொண்டு காம்பைக் கிள்ள வேண்டும். நகம் எனக்குப் பெரியது. துணி சுற்றி மாட்டினாலும் வெட்டிவிடும். அந்த விரலோடு, முதல் மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் வகுப்பு வாசலில் போய் நிற்பேன்.

கணக்கு சார் ஒரு நாள் விரலைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு எத்தனை கவுளி?" என்று கேட்டார். பதினெட்டு என்றேன். கவுளிக்கு நூறு, ஆயிரத்து எண்ணூறு என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்லியும்விட்டேன். "அப்புறம் ஏண்டா கரும்பலகையைப் பார்த்தால் மட்டும் ஊமையாகிவிடுகிறாய்?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தாமதத்துக்காக என்னை அவர் வெளியே நிறுத்தியதில்லை. அவர் யார் என்பது நம் காலத்தவர்களுக்குத் தெரியும். பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை.

1987இல் தேர்வு முடிவு வந்தபோது பத்திரிகையில் வெறும் எண்கள்தான் அச்சாகும். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். எனக்கு முந்தைய எண் இருந்தது, பிந்தைய எண்ணும் இருந்தது. அப்படியே நழுவி, தென்கரைக்குப் போகும் வைகைப் பாலத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். என்னென்னவோ யோசித்தேன். அதை எழுத மாட்டேன். இதைப் படிக்கும் பிள்ளைகளும் உண்டு.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போனால், சுவரில் சாரின் சைக்கிள் சாய்ந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து நீச்சத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அம்மாவிடம், "தம்பி வந்துவிட்டான், தங்கச்சி. விளக்கை ஏற்றுங்கள்" என்றார். மதிப்பெண் பற்றி வாயே திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். எண் வராத பதினொரு பேரின் பெயர்கள். ஆறு பெயர்களை ஏற்கெனவே அடித்திருந்தார். ஏழாவதாக என் பெயரை அடித்துவிட்டு, பெல்ட் கூட இல்லாத அந்தக் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டாவது வீட்டுக்குக் கிளம்பினார். பள்ளியில் முதலிடம் பெற்றவன் வீட்டுக்கு அடுத்த வாரம்தான் போனார் என்று பிறகு தெரிந்தது.

எங்கள் சித்தப்பா அதற்குள் எனக்கு வேலை பார்த்துவிட்டிருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பையன்களை வடக்கே முறுக்குப் போட அழைத்துப் போவார்கள்; முன்பணமும் தருவார்கள். அப்பா இல்லாத வீட்டில் முன்பணம் என்ற சொல்லுக்கு என்ன எடை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சார் அவரிடம் கல்வியின் மேன்மை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தீபாவளி வரைக்கும் என்னிடம் விட்டுவையுங்கள். அதற்குள் மறுதேர்வு முடிந்துவிடும். அப்புறம் உங்கள் பிள்ளை, உங்கள் விருப்பம்" என்றார். சித்தப்பா கெட்டவர் அல்லர். கெடு வைத்துக் கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

தோற்றவன் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்காது. உள்ளே நுழையவே கூசும். சார் அதற்கு ஒரு வழி செய்தார். கோடி வகுப்பறையின் சாவியை என் கையில் கொடுத்தார். கனமான இரும்புச் சாவி, வளையத்துக்குப் பதிலாக வாழைநார் கோத்தது. காலை ஆறு மணிக்குத் திறந்து, பெருக்கி, கரும்பலகையைத் துடைத்துவைப்பது என் பொறுப்பு. நான் போகாவிட்டால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். ஆகவே படிக்கப் பிடித்ததோ இல்லையோ, போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. பதினொரு பேரில் ஏழு பேர் வந்தோம். அவர் பாடத்தை முதலிலிருந்து நடத்தவில்லை. வடிவியல் வரைதல், வரைபடம் என்று கைப்பழக்கத்தால் மதிப்பெண் வரும் இடத்தில் தொடங்கினார். கவராயம் பிடிக்க இரும்பு நகம் மாட்டிய விரல் தோதாகவே இருந்தது.

சத்துணவுக் கூடத்து ஆயாவையும் விட முடியாது. சத்துணவு 1982இல் சிறு பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, 1984இல் 15 வயது வரை நீண்டது. நான் இரண்டுக்கும் வெளியே. ஆயா தன் பங்குச் சோற்றில் பாதியைத் தூக்குச்சட்டி மூடியில் வைத்து நீட்டுவார். "தின்றுவிட்டு மூடியைக் கழுவி வை" என்பார், வேறெதுவும் கேட்டதில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கிய செய்தியைப் படித்தபோது, அந்தத் தூக்குச்சட்டி மூடிதான் நினைவுக்கு வந்தது.

மறுதேர்வில் 52. பிறகு புதூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், அதன்பின் இங்கே சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளம். அந்தக் கதையைத்தான் மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்களே.

எம்மி வெர்னர் என்ற உளவியல் அறிஞரின் ஆய்வைப் பற்றி என் மகள் படிக்கும்போது எனக்கும் சொன்னாள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை அவரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நம்பிப் போக ஒரு பெரியவராவது இருந்தார். குடும்பத்துக்கு வெளியே என்றால் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். இன்னொன்று, பிறருக்கு உதவியாகச் செய்தே தீர வேண்டிய ஏதோவொரு வேலை அவர்கள் தலையில் இருந்தது. மகள் இதைச் சொன்னபோது என் கை சட்டைப் பையைத் தடவியது. சாவி அங்கே இல்லைதான்.

சாரின் காலை வகுப்புக்கு வராத நால்வரில் ஒருவன் முறுக்குக்கே போனான். பத்து ஆண்டுகள் அடுப்படியில் வெந்து, இப்போது ஊரில் சொந்தமாகக் காரக்கடை வைத்திருக்கிறான். "என் வீட்டுக்கும் சார் வந்தாரடா. நான்தான் கொல்லைப்பக்கமாக ஓடிவிட்டேன்" என்றான். சற்றுப் பொறுத்து, "மறுநாளும் வந்தார்" என்றான். வெர்னர் பார்த்தவர்களிலும், பதின்வயதில் சறுக்கியவர்களில் பெரும்பாலானோர் நாற்பதுக்குள் எழுந்துவிட்டார்களாம்.

சங்கத்தாரிடம் ஒரு வார்த்தை. முதல் மூன்று இடங்களுக்குத் தங்கக் காசு தருகிறோம். அரசே 2017இல் மாநிலத் தரவரிசை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. நாம் விடுவதாக இல்லை. முடிவு இப்போது கைப்பேசியில் வருகிறது. பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்க்கிறது. 104, 14417 என்று உதவி எண்கள் இருப்பது நல்லதுதான், ஆனால் அவற்றை அழுத்தும் தெம்பும் அந்த நேரத்தில் வேண்டுமே. அன்று மாலை எண் வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வர ஆளும் பெட்ரோலும் ஏற்பாடு செய்ய ஒரு தங்கக் காசின் விலை போதும். நான் முதல் தொகையை அனுப்பிவிட்டேன்.

2019இல் ஊருக்குப் போனபோது சாரைப் பார்த்தேன். கண் மங்கிவிட்டது, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். சாவியை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார்.

"சாவியெல்லாம் நினைவில்லையப்பா. அந்த மேற்கு ஜன்னலை நீ ஒரு நாளும் சாத்தியதில்லை. ஐப்பசி மழையில் ஒரு பெட்டி சாக்பீஸ் நனைந்துபோய், நான் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்" என்றார்.