பட்டியலில் இல்லாத வாடிக்கையாளன்

சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டியை வாங்குவதா, அதே காசுக்கு ஒரு கணினியைப் பொருத்திக்கொள்வதா என்று உவர்மலையிலும் அன்புவழிபுரத்திலும் இருக்கும் தம்பிமார் கேட்கும்போதெல்லாம், அவர்கள் எதிர்பார்க்கும் இடத்திலிருந்து நான் பதிலைத் தொடங்குவதில்லை. எது வேகம் கூடியது, எதில் படம் தெளிவாகத் தெரியும் என்பவை பிறகு பார்க்க வேண்டியவை. திருகோணமலையில் இருந்துகொண்டு கேம் விளையாடுகிறவன் முதலில் கேட்க வேண்டியது, இந்த நிறுவனம் என்னை வாடிக்கையாளனாகக் கணக்கில் எடுத்திருக்கிறதா என்பதே.

சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் கணக்குத் திறக்கும்போது நாட்டைத் தெரிவுசெய்யும் பட்டியலில் இந்தியா இருக்கிறது, இந்தோனேசியா இருக்கிறது, இலங்கை இல்லை. ஆகவே இங்கே பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர், அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ வசிப்பவராகத் தன்னைப் பதிவுசெய்துகொண்டு, அந்த நாட்டுக் கிஃப்ட் கார்டை இடைத்தரகரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கித்தான் ஒரு கேமைத் தரவிறக்க வேண்டியிருக்கிறது. கணக்குத் திறக்கும்போது பொய்யான விவரம் கொடுக்கக் கூடாதென்பது அந்நிறுவனத்தின் விதி. பொய் சொல்லாமல் உள்ளே வர வழியும் வைக்காமல், பொய் சொன்னால் கணக்கை முடக்கும் உரிமையையும் தன்னிடமே வைத்திருக்கிறது.

இது பெட்டி வாங்கியவர்களின் சிக்கல் மட்டுமாக இருந்தவரை, கணினியில் விளையாடும் நாங்கள் கவலைப்படவில்லை. 2024 பெப்ரவரியில் சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம் கணினிக்கும் வந்தது. மே மாதத் தொடக்கத்தில், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் அதை வாங்கியவர்கள் எல்லோரும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கே திறக்க முடியாத 170க்கு மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் அந்தக் கேம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பினால் சில நாட்களிலேயே அறிவிப்பு மீளப்பெறப்பட்டாலும், அதே மாதம் 16ஆம் திகதி கணினிக்கு வந்த கோஸ்ட் ஒஃப் சுஷிமா நம்மைப் போன்ற நாடுகளில் விற்கப்படவில்லை. அதன் தனியாள் கதைப்பகுதியை விளையாடப் பிளேஸ்டேஷன் கணக்கு தேவையே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காசை நீட்டிக்கொண்டு நிற்பவனிடம் விற்க மறுக்கும் கடையை நான் வேறெங்கும் கண்டதில்லை. சில நூறு ரூபாய்க்குத் திருட்டு டிவிடி விற்ற காலத்தை நாங்கள் கடந்து வந்ததே ஒழுங்கான கடைகள் இணையத்தில் திறந்ததனால்தான் என்பதை இந்த நிறுவனங்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை.

ஸ்டீமில் இந்தத் தொல்லை இல்லை. 2003இல் தொடங்கிய அந்தக் கடை இலங்கையை இலங்கையாகவே ஏற்றுக்கொள்கிறது. விலை டொலரில்தான் என்றாலும், விரும்பும் வெளியீட்டாளர்கள் தெற்காசியாவுக்கெனக் குறைந்த டொலர் விலை ஒன்றை நிர்ணயிக்க இடமிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பல அதைச் செய்வதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியபோது, 60 டொலர் கேம் ஒன்று 12,000 ரூபாயிலிருந்து 21,600 ரூபாய்க்குப் போனது. அந்த ஆண்டில் எந்தக் கேமையும் வெளியான வாரத்தில் வாங்குவது ஆடம்பரமாகத் தோன்றியது. எனக்கு இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தரும் ஸ்டீமின் நடைமுறையை, நம் ஊர்க் கணினிகளில் ஒரு கேம் ஓடுமா ஓடாதா என்று பார்க்கும் சோதனைக்கூடமாகவே நான் பயன்படுத்துகிறேன்.

எபிக் கடை வாராவாரம் இலவசமாகக் கேம் தருகிறது. 2020 மே மாதத்தில் ஜிடிஏ 5 என்ற பெரிய கேமையே தந்தது. விற்பனையில் ஸ்டீம் பொதுவாக 30 சதவீதம் எடுக்க, எபிக் அதிகபட்சம் 12 சதவீதம்தான் எடுக்கிறது என்பது கேம் செய்பவர்களுக்கு நல்ல செய்தி. வாங்குகிற எங்கள் விலையில் அந்த வித்தியாசம் இறங்கக் காணோம். வேறு சொல்ல அதிகமில்லை.

என் மனதுக்கு நெருக்கமான கடை ஜிஓஜி. அங்கே வாங்கும் கேமின் இன்ஸ்டாலரை அப்படியே தரவிறக்கி ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால், இணையமும் வேண்டாம், நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். இதன் அருமை யூபிசொஃப்டின் தி க்ரூ கேமை வாங்கியவர்களுக்குத் தெரியும். 2014இல் வெளியான அந்தக் கார்ப் பந்தய விளையாட்டின் சேவையகங்களை நிறுவனம் 2024 மார்ச் 31ஆம் திகதி நிறுத்தியது. தனியாக ஓட்டிப் பார்க்கவும் சேவையகம் வேண்டுமென்பதால், காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லோரிடமிருந்தும் கேம் ஒரே நாளில் போய்விட்டது. விற்ற கேம்களை இப்படி முடக்கக் கூடாதென்று அதற்குப் பின் எழுந்த இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. கலிபோர்னியாவில், டிஜிட்டலாக விற்பது உரிமையல்ல, உரிமம் மட்டுமே என்று வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சொல்லிவிட்டுப் பறிப்பது சொல்லாமல் பறிப்பதை விட மேல்தான், ஆனால் பெரிதாக மேல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாதனங்களுக்கு வருகிறேன். யூடியூபில் வரும் மதிப்பீடுகள் குளிரூட்டிய அறையில், நிற்காத மின்சாரத்தில் செய்யப்பட்டவை. நம் ஊரோ இரு பக்கமும் கடல் சூழ்ந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் உப்பு ஈரம் வீட்டுக்குள் வந்து கணினியின் வெளிக்கூடான கேசின் திருகாணிகளையும் யுஎஸ்பி துளைகளின் விளிம்பையும் துருப்பிடிக்க வைக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதியும் வெக்கையும் விசிறிகளை அடைக்கின்றன. பாகங்களைக் கொழும்பு, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கி வந்தால், எரிந்த அடையாளமோ துருவோ இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பற்றுச்சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். கடலோரத்தில் வசிப்பவனுக்கு அந்த ஒரு வரி முழு உத்தரவாதத்தையும் பாதியாக்கிவிடுகிறது. ஆகவே கண்ணாடிப் பெட்டியும் வண்ண விளக்கும் வேண்டாம், கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டியுள்ள சாதாரண கேஸ் போதும் என்பேன். கணினியை மாதக்கணக்கில் மூடிவைக்கவும் வேண்டாம். அடிக்கடி ஓடிச் சூடாகும் கணினியில் ஈரம் தங்குவது குறைவு.

மின்சாரம் அடுத்தது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டதையும் மறந்திருக்க மாட்டார்கள். (சேமித்து வைக்காத விளையாட்டு பறிபோனதற்கு அதைவிட நல்ல காரணம் இனி யாருக்கும் கிடைக்காது.) மின்சாரம் போனால் பட்டரியில் சற்று நேரம் ஓடவைக்கும் சாதாரண 650 விஏ யுபிஎஸ் ஒன்று தாங்குவது ஏறக்குறைய 360 வாட். 70 வாட் மட்டுமே இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டும் 65 வாட் ரைசன் 5600 சிப்பும் திரையும் சேர்ந்தாலும் அந்த யுபிஎஸ்ஸின் எல்லைக்குள் வசதியாக அடங்கிவிடும். மின்சாரம் போனதும் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். ஆர்டிஎக்ஸ் 5090 கார்டோ தனியாகவே 575 வாட்.

ஆனால் அந்த 3050 பெயரிலும் ஒரு தந்திரம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 8 ஜிபி கார்டும் 6 ஜிபி கார்டும் ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், நினைவகம் மட்டுமல்ல, உள்ளே கணக்கிடும் கோர்களின் எண்ணிக்கையும் 2560இலிருந்து 2304ஆகக் குறைகிறது. இந்தக் கார்டைச் செய்யும் இதே என்விடியா நிறுவனம் 2022இல் இரண்டு வேறு சிப்களுக்கு 4080 என்று ஒரே பெயரைச் சூட்டி, கண்டனம் எழுந்ததும் சிறியதை மீளப்பெற்று, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று விற்றது. கடைக்காரர் பெயரை மட்டும் சொன்னால் போதாது; எத்தனை ஜிபி, எந்த மொடல் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிளேஸ்டேஷன்தான் வேண்டுமென்று நிற்பவரை நான் தடுப்பதில்லை. அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. டிஸ்க்கில் வாங்கிய கேமை முடித்துவிட்டு இன்னொருவருக்கு விற்கலாம், நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம், அமெரிக்க முகவரி எதுவும் தேவையில்லை. ஸ்டீமில் இது நடக்காது. அந்த நியாயம் டிஸ்க் டிரைவ் உள்ள பெட்டிக்கு மட்டுமே பொருந்தும். 2024 நவம்பரில் 700 டொலருக்கு வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிரைவ் இல்லை, அதைத் தனியாக வாங்க வேண்டும். நிண்டெண்டோ சுவிட்ச் 2க்கு விற்கப்படும் கேம் கீ கார்டுகளிலோ கேமே இல்லை. அதைச் செருகினால் கேமை இணையத்திலிருந்து தரவிறக்க அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். ஆகவே வாங்குவதானால் டிரைவ் உள்ள சாதாரண பிஎஸ்5ஐ வாங்குங்கள், அதோடு ஒரு யுபிஎஸ்ஸையும் சேர்த்து.