அப்பாவின் கையில் ஆறு நாள்

அப்பாவுக்குப் பார்க்கின்சன், உடல் அசைவைக் குலைக்கிற நரம்பு நோய், என்று தெரிந்து ஏழு வருடமாகிறது. நடுக்கம் அவருக்குக் குறைவு. இறுக்கமும் மந்தமும்தான் கூட. வலது பக்கம்தான் மோசம். லண்டனில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன். எங்களுக்குக் கிடைக்கிற நேரம் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டு மணி. பதினொரு மணிக்குப் போட்ட குளிசை அப்போது நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். அப்பா கதிரையிலிருந்து எழும்பி நடந்து காட்டுவார், விரலைத் தட்டிக் காட்டுவார், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "வெரி வெல்" என்பார். பின்னேரம் மூன்றரைக்கு அதே மனிதர் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் முயன்றும் எழும்ப முடியாமல் இருப்பதை அந்த டொக்டர் ஒருநாளும் பார்த்ததில்லை.

நான் குறுக்கிட்டுச் சொன்னால், திரும்பி வரும்போது காரில் மனத்தாங்கல். "ஏன் பிள்ளை, அந்த மனுசனிட்டை இல்லாததெல்லாம் சொல்லுறாய்?" அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இன்னொருவர் முன்னால் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

பார்க்கின்சன் நோயாளிகளைக் கவனிக்கிற தாதிதான், நாள் முழுக்க அசைவைப் பதிகிற, கையில் கட்டும் கருவியைப் பற்றிச் சொன்னார். பெயர் பிகேஜி. மெல்பனில் உருவானது. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் மதிப்பிடுகிற இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2023 ஜனவரியில், கூடுதல் சான்றுகள் திரட்டப்படும் காலத்தில் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு ஐந்து கருவிகளைப் பரிந்துரைத்தது. அதில் இதுவும் ஒன்று. மற்றவற்றில் ஸ்டாட்-ஆன் என்பதை இடுப்பில் கட்ட வேண்டும்; பிடிமானிட்டருக்கு இரண்டு மணிக்கட்டு, இரண்டு கணுக்கால், இடுப்பு என்று ஐந்து இடம். அப்பாவுக்கு ஒரு கைக்கு மட்டும் என்றது பெரிய ஆறுதல். "மணிக்கூடு மாதிரித்தானே, கட்டலாம்" என்றார்.

கருவி தபாலில் வந்தது. ஆறு நாள் கட்டியிருக்க வேண்டும், அதுவும் அதிகம் பாதித்த பக்கத்து மணிக்கட்டில். அப்பா வாழ்நாள் முழுக்க இடக்கையில் மணிக்கூடு கட்டியவர், பழக்கத்தில் அங்கேதான் கொண்டுபோனார். நான் மாற்றிக் கட்டினேன். குளிசை நேரம் வந்ததும் கருவி அதிரும். குளிசையைப் போட்டுவிட்டுப் பெருவிரலால் அதன் முகத்தைத் தடவினால், போட்டாயிற்று என்று பதிந்துகொள்ளும்.

முதல் நாளே பிரச்சினை. இரண்டு மாதத்துக்கு முன் குளிசை நேரத்தை 7, 11, 3, 7 என்று மாற்றியிருந்தார்கள். கருவியில் பழைய நேரம், 8, 12, 4, 8. காலை ஏழுக்குக் குளிசை போட்ட அப்பா, எட்டுக்கு அது அதிர்ந்ததும் பணிவாகப் போய் இன்னொன்றைக் கையில் எடுத்துவிட்டார். அம்மா கண்டு தடுத்திராவிட்டால் விழுங்கியிருப்பார். மூன்று தரம் தொலைபேசி எடுத்தேன், மூன்று தரமும் பதிவுக் குரல். அடுத்த நாள் பின்னேரம்தான் தாதி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, சரியான நேரம் போட்ட இன்னொன்றை அனுப்பினார். பத்து நாள் போயிற்று. யாராவது இதைக் கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டுவதற்கு முன் அதில் பதிந்துள்ள நேரமும் மருந்துத் தாளில் உள்ள நேரமும் ஒன்றா என்று தயவுசெய்து பாருங்கள்.

இரண்டாவது தரம் எல்லாம் சரியாக நடந்தது. கூடவே ஒரு கொப்பி வைத்தோம். மணிக்கட்டு அசைவு மட்டும்தானே கருவிக்குத் தெரியும்? எப்போது சாப்பிட்டார், எப்போது தோட்டத்தில் மண் கொத்தினார், எப்போது கால் தரையில் ஒட்டிப்போய் நின்றார் என்பதெல்லாம் நாங்கள்தான் எழுத வேண்டும். அப்பா தானே எழுதுவேன் என்றார். எழுதட்டும் என்று விட்டேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு அறிக்கையைத் தாதி திரையில் காட்டினார். குறுக்கே காலையிலிருந்து இரவு வரை நேரம். குளிசை நேரத்துக்கு நிமிர்ந்த சிவப்புக் கோடு, அப்பா பெருவிரலால் தடவிய இடத்தில் சிறிய சிவப்பு வைரம். மேலே பச்சை: மருந்து கூடினால் வருகிற, கட்டுப்பாடில்லாத அசைவு. கீழே நீலம்: மந்தம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அசைவைக் கணக்கிட்டு, ஆறு நாளையும் ஒன்றாகச் சேர்த்து வரைந்த படம் அது.

பதினொரு மணிக் குளிசைக்குப் பின் நீலக் கோடு நல்ல பக்கம் போனது. மூன்று மணிக்குப் பின் போகவேயில்லை. வைரம் சரியாக மூன்றில் இருக்கிறது, அதாவது குளிசை நேரத்துக்குப் போட்டிருக்கிறார், ஆனால் ஐந்து மணி வரைக்கும் பலன் இல்லை. தாதி கேட்டார்: "மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" கொப்பியைத் திறந்தேன். இரண்டேகால், இரண்டரை, இரண்டரை. சோறும் மீன் குழம்பும் பருப்பும். அம்மா காலையில் கோயிலுக்குப் போய் வந்து சமைப்பதால் எங்கள் வீட்டில் சாப்பாடு பிந்தும். குளிசையில் இருக்கிற லெவோடோபா என்ற மருந்தும் சாப்பாட்டுப் புரதமும் குடலில் ஒரே வாசலால்தான் உள்ளே போகின்றன, மூளைக்குள் போகிறபோதும் அப்படித்தான் என்று விளக்கினார். மீனும் பருப்பும் வாசலில் நின்றால் குளிசை வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

பச்சைக் கோடு தாழ்வாகவே இருந்தது. அதனால் மருந்தைச் சற்றுக் கூட்ட இடமுண்டு என்று டொக்டர் சொல்லி, நாலு வேளையை ஐந்தாகப் பிரித்தார். சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கு முன்தள்ளினோம், மீன் இரவுக்குப் போனது. இதைப் படித்துவிட்டு நீங்களாகவே குளிசை நேரத்தை மாற்றாதீர்கள். எங்களுக்கும் டொக்டர் சொல்லித்தான் மாறியது.

நான் அன்றைக்கு அதிக நேரம் பார்த்தது அந்தக் கொப்பியைத்தான். பார்க்கின்சன் வந்தவர்களுக்கு எழுத்துச் சிறுத்துப்போகும் என்று தெரியும். ஆனால் ஒரே நாளுக்குள் இப்படி மாறும் என்று நான் கவனித்ததில்லை. பன்னிரண்டு மணி வரி கரும்பலகையில் எழுதியவரின் எழுத்து: உருண்டை, நிமிர்ந்த கொம்பு, சீரான இடைவெளி. அதே பக்கத்தில் நாலு மணி வரி எறும்பு போனதுபோல, போகப் போகச் சிறுத்துக் கடைசிச் சொல் வெறும் கோடாக முடிந்திருந்தது. ஆறு பக்கத்திலும் அப்படியே. திரையில் நீலக் கோடு காட்டியதை அவர் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். கொப்பியைப் பக்கத்தில் வைத்ததும் அப்பா படத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாதியிடம், நான் தமிழில் எடுத்துக்கொடுக்காமலே, தானாக ஆங்கிலத்தில் சொன்னார்: பின்னேரங்களில் எனக்குக் கஷ்டம்.

கருவி சொல்லாதது இன்னும் நிறைய. மலச்சிக்கல் அதற்குத் தெரியாது. குரல் அடங்கிப்போவதும், யாரும் வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய் இருக்கிற மனநிலையும் தெரியாது. அதை நாங்கள்தான் சொல்ல வேண்டும், சொல்கிறோம்.

அடுத்த மாதம் மறுபடி கட்ட வேண்டும். கொப்பியை அப்பா நிறுத்தவில்லை. போன செவ்வாய் நாலு மணிக்கு எழுதியிருக்கிறார்: "எழும்பினேன். தேத்தண்ணி நானே ஊற்றினேன்." எழுத்து இன்னும் சின்னன்தான். கண்ணாடி இல்லாமல் வாசித்தேன்.